தொடுமுன் சொன்ன ஓம்

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வெள்ளைச் சட்டையின் இடதுபுறத்தில், கறுப்புத் தகட்டில், மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டிருந்தது. எட்டு மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அந்தப் பெயரை எழுத மாட்டேன். அவளும் எங்களில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“இடது பெருவிரல், வாங்கோ.”

“வலது குதிக்கால், கொப்பியைத் தாங்கோ.”

“ரெண்டு கணுக்காலும் எங்க போட்டுது? தேத்தண்ணி குடிக்கவோ?”

தண்ணீரூற்று என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அதில் மருந்து கட்டுகிற அறை. அவள் அந்த அறையின் தாதி, எல்லோருக்கும் ‘மிஸ்’. வாசலில் உட்கார ஒரு நீள வாங்கு. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பிடித்த கிழவர்களும் கிழவிகளும் அதில் வரிசையாகக் காலை நீட்டியபடி, தங்கள் கட்டுகளைத் தூங்கும் குழந்தைகளைப் போலக் குனிந்து பார்த்தபடி இருப்பார்கள். நாளடைவில் அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். “குதிக்கால் இண்டைக்கு வரேல்லையோ?” “குதிக்காலுக்குப் பேத்தி பிறந்திருக்காம், ஆள் வவுனியாவில.” சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. மனிதரை ஒரு விரலாகக் குறுக்கிய வாயை மெச்சிச் சிரிக்க எனக்கு வரவில்லை.

ஊர் அவளை ‘அவா’ என்றது. அவா வந்திட்டா. அவா இண்டைக்குக் கோவத்தில நிக்கிறா. மரியாதைக்கும் பயத்துக்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல்தான். நான் இங்கே அவள் என்றே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவள் முகம் பார்க்க மாட்டாள். அதுதான் அவள். பஸ்ஸில் ஏறினாலும், கடைக்குப் போனாலும், செத்தவீட்டுக்கு வந்தாலும், பார்வை கீழேதான் ஓடும். தரையில் எதையோ தொலைத்தவள் போல. “முகம் கதைக்கும். கதைக்கிறது பொய்யும் சொல்லும். கால் வாய் திறக்காது, அதால நான் காலைப் பாக்கிறன்” என்று ஒருமுறை வாங்கிலிருந்த ஒரு கிழவிக்குச் சொன்னாள். ஏதோ பெரிய கண்டுபிடிப்புப் போல. கிழவி வாயைப் பொத்திக்கொண்டு காலை நீட்டினாள்.

ஒரு கல்யாணவீட்டில் சாப்பாட்டுப் பந்தி. மாப்பிள்ளையின் பெரியப்பா எதிர்வரிசையில் இருக்கிறார். அன்றுதான் வாங்கிய கறுப்புச் சப்பாத்து, பளபளவென்று. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையோடு எழும்பினாள்.

“சப்பாத்தைக் கழட்டுங்கோ.”

“என்ன, மிஸ்? இது கல்யாணவீடு.”

“தெரியும். கழட்டுங்கோ.”

கழற்றினால், வெள்ளைச் சொக்ஸின் விரல் நுனியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையிலிருந்து நடந்து, நின்று, வாசலில் எல்லாரையும் வரவேற்று, கைகுலுக்கியிருக்கிறார். அவள் பூச்சோடித்த கல்யாண வான் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலுக்குப் போக வானில்லாமல் நின்றார்கள். பெண்வீட்டார் இன்றைக்கும் அவளோடு கதைப்பதில்லை. பெரியப்பாவின் கால் தப்பியது என்பது வேறு கதை. யாரும் அதைச் சொல்வதில்லை, வானைத்தான் சொல்வார்கள்.

சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், எல்லாருக்கும் ‘காக்கா’. இடம்பெயர்ந்து புத்தளம் போய், நரைத்த தாடியோடு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே கடையைத் திறந்தவர். அவருடைய விரலிடுக்கில் ஒரு வெடிப்பு. அவள் கடைக்குப் போனது துணி வாங்க. கேட்டது இது:

“காக்கா, தொழுகைக்குக் கால் கழுவுறியள். விரலிடுக்கைத் துடைக்கிறனிங்களோ?”

“கழுவுறதுதான் கடமை, மிஸ். துடைக்கச் சொல்லி எங்கயும் இல்லையே.”

“துடைக்க வேண்டாமெண்டும் எங்கயும் இல்லைத்தானே. ஒரு நாளைக்கு அஞ்சு தரம் ஈரம், அஞ்சு தரம் துடைப்பு. சீத்தைத் துணித் துண்டு ஒண்டு பள்ளிவாசலில வையுங்கோ. வாற கிழமை வந்து பாப்பன்.”

அவள் போன பிறகு காக்கா எங்களிடம் சொன்னார்: “எங்கட மவ்லவிகூட என்னை இப்பிடி விசாரிச்சதில்லை.” ஆனாலும் சீத்தைத் துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டார். எல்லாரும் அவளுக்குப் பணிந்தார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவை அவளிடம் கொண்டுபோனபோது அவர் காலில் புண் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கிளினிக்கில் டொக்டர், வயது போன சீனிக்காரர் எல்லாரும் ஒருமுறை காலைக் காட்டிவிட்டு வரவேண்டும் என்று துண்டு எழுதித் தந்தார். “எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல தாயி. பேருக்குக் காட்டிட்டு வந்துடுவோம்” என்றார் அப்பா.

அவளிடம் மை தீர்ந்த ஒரு பேனை இருந்தது. அதன் நுனியில், மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு ஒரு விரற்கணு நீளத்துக்கு வெட்டிச் செருகியிருக்கும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு அந்த நரம்பைப் பாதத்தில் குத்தி, அது வளையும்வரை அமர்த்துவாள். பெருவிரல், சின்னவிரல், விரலடி, குதி என்று பத்து இடம். உணர்ந்தால், ஆமென்பதற்கு, ‘ஓம்’ என்று சொல்லவேண்டும். உணர்ச்சி செத்த இடம் எது என்று கண்டுபிடிக்க அது போதும். செத்த இடத்தில்தான் புண் வரும். வந்தாலும் அந்த ஆளுக்குத் தெரியாது.

அப்பா கண்ணை மூடினார். வாங்கு முழுக்க எட்டிப் பார்த்தது.

“தெரியுதோ?”

“ஓம்.”

“தெரியுதோ?”

“ஓம், மிஸ்.”

“இப்ப?”

“ஓம், ஓம்.”

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேனை அவளுடைய சட்டைப் பையில் இருந்தது. வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“கண்ணைத் திறவுங்கோ. பேனை எங்க கிடக்குது?”

அப்பா திறந்தார். தேடினார். கண்டார்.

“நான் இன்னும் தொடவே இல்லை. தொடமுதலே மூண்டு ஓம்.” பிறகு, வெறும் தகவலைச் சொல்வதுபோல, “உங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் தலையாட்டிப் பழகிப்போச்சினம்” என்றாள்.

உங்கட ஆக்கள். அப்பாவின் பேச்சில் எங்கோ ஒரு ‘ங்க’ தட்டியிருக்கும்; அல்லது கொப்பியிலிருந்த தகப்பன் பெயர். வாங்கு சிரிப்பதை நிறுத்தியது. அந்த ஒரு சொல்லில், ஐம்பது வருடம் ஒரே மண்ணில் விதைத்து வெட்டிய ஒரு மனிதர், மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலிருந்து அன்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவராக ஆனார்.

அந்த ஓமை அவர் எங்கே பெற்றார் என்று அவளுக்கென்ன தெரியும்? மலையகத்தில் கலவரக்காரர் லயத்து வீடுகளை எரித்த பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு நெடுங்கேணியில் இறங்கிய வாலிபன், கடையில் ‘ஆமாங்க’ என்று சொன்னானாம். கடையே சிரித்ததாம். அன்றைக்கே ‘ஓம்’ பழகினான். வன்னியில் அவர் கற்ற முதல் சொல் அது; வீடு கட்டுமுன், கிணறு வெட்டுமுன், என் அம்மாவைக் காணுமுன். பிறகு காணிக் கந்தோர் மேசைக்கு முன்னால் ஓம். சோதனைச் சாவடியில் ஓம். அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்குள் பதிவெடுக்க வந்தவர்களிடம் ஓம். என்ன கேட்டார்கள் என்று விளங்காவிட்டாலும் ஓம். அந்தச் சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டுதான் அவர் இவ்வளவு தூரம் நனையாமல் வந்தார். அவள் அதை ஒரு வாங்கு நிறைந்த சனத்துக்கு முன்னால் பிடுங்கி மடக்கினாள்.

பிறகு மெய்யாகவே தொட்டாள். இடது பாதத்தில் பத்தில் ஒன்பது இடம் செத்திருந்தது. வலதில் இரண்டு.

இடது பெருவிரலின் அடியில் மஞ்சளாக ஒரு காய்ப்பு இருந்தது. வயல்காரன் கால் அப்படித்தானே என்று நாங்கள் இருந்தோம். அவள் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாறி மாறி வைத்துப் பார்த்தாள். “இது சுடுது. அது சுடேல்லை” என்றாள். பிளேடை எடுத்துக் காய்ப்பைச் சீவினாள், கத்தரிக்காய்த் தோல் சீவுவதுபோல. சீவச் சீவ ஈரம். ஈரத்துக்குக் கீழே ஒரு குழி. அவள் குனிந்து மணந்து பார்த்தாள். என் அப்பாவின் காலை ஒருத்தி மீனை மணப்பதுபோல மணந்தாள்.

“உள்ளுக்கு ஒரு சாமான் கிடக்குது.”

இடுக்கியால் எடுத்தாள். நகத்துண்டளவு கம்பி. உடைந்த ஊக்கு முனை.

“செருப்பைக் கொண்டா.”

வாசலிலிருந்து எடுத்துவந்தேன். அவள் அதைக் குப்புறப் பிடித்தாள். றப்பர்ச் செருப்பின் வார் கழன்று வராமலிருக்க, அடியில் குமிழுக்குக் குறுக்கே ஊக்குக் குத்துவோமே, எல்லார் வீட்டிலும் குத்துவது, அது. அதன் ஒரு கை ஒடிந்து, தேய்ந்த அடியைத் துளைத்து மேலே ஏறியிருந்தது.

“ஆர் இதைக் குத்தினது?”

நான். விதைப்புக்கு முந்தின கிழமை. அவர் வரம்புக்குப் போக நிற்கிறார், வார் கையோடு வருகிறது, நான் என் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக் கொடுத்து, “இப்ப போங்கோ அப்பா, நேரமாகுது” என்றேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்த முனைமேல் நடந்திருக்கிறார். ஒருநாள்கூட நொண்டவில்லை.

“நான்தாங்க குத்தினேன்” என்றார் அப்பா.

ஊக்கைத் திறக்க முடியாத விரல்கள் அவை. மூட்டுக்கு மூட்டு வீங்கியவை. அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். அந்த எட்டு மாதத்தில் ஒரேயொருமுறை, என் முகத்தைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். வாங்கு கேட்க ஏசியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவள் “ம்” என்றாள். அந்தக் கம்பித் துண்டைக் கட்டுப்போடும் கோஸ் துணியில் சுற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“வைச்சிரு.”

அதை எங்கே எறிந்தேன் என்று ஞாபகமில்லை என்றால் பொய். அலுமாரியில் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். மாரி முழுக்க, தார்ப்பாயால் அப்பாவின் காலைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில். அவள் மெல்லிய உருக்குக் கம்பியைப் புண்ணுக்குள் விட்டுப் பார்ப்பாள். எலும்பில் முட்டினால் ஆழமாய்ப் போய்விட்டதென்று கணக்காம். “முட்டேல்லை” என்பாள். அவ்வளவுதான். அதில் நாங்கள் சந்தோசப்பட இடமிருக்கிறதா என்று அந்தக் குரலிலிருந்து தெரியாது. பழைய செருப்பொன்றின் அடியில் புண்ணுக்கு நேரே வட்டமாக வெட்டியெடுத்து, அந்த இடம் தரையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி ஒன்று செய்து தந்தாள். அதையும் போட்டுக்கொண்டு மலசலகூடத்துக்கு மட்டும்தான். “காலை ஊண்டக் கூடாது. ஊண்டினா மருந்து கட்டுறது வீண்.”

ஒருநாள் கட்டின் அடியில் செம்மண்.

“ஆர் நடந்தது?”

“நடக்கலைங்க.”

“அப்ப கட்டு மட்டும் தனியா எழும்பி வயல் பாக்கப் போனதோ?”

இன்னொரு நாள் நான் மஞ்சள் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டக்கா சொன்னா, கொஞ்சம் உப்பும் சேர்த்து. அவள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்கைக் கூப்பிட்டாள். “எல்லாரும் வந்து பாருங்கோ. மஞ்சள் போட்டாச்சு, உப்பும் போட்டாச்சு. இனிக் கறிவேப்பிலை போட்டு இறக்க வேண்டியதுதான்.” கிழவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அவரிடம் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, தினமும் காலையில் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னாள். எழுபத்தைந்து வருடம் தன்னைச் சுமந்ததை அப்பா அப்போதுதான் முதன்முதல் பார்த்தார். “இதென்னா தாயி, யாரோ ஒருத்தன் கால் மாதிரி இருக்கு” என்றார்.

வைகாசியில் புண் மூடியது. “மூடியிருக்குது, அவ்வளவுதான். உள்ளுக்குத் தோல் இன்னும் கடதாசி” என்றாள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாமோ என்று அப்பா கேட்டார். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் நான் ஒன்பது நாள் காணாமல் போயிருந்தேன். நான் கிடைத்தால் ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவதாக அம்மாளுக்கு அவர் நேர்ந்திருந்தார். அந்த நடை எனக்காக நடக்கிற நடை.

“செருப்போட போங்கோ. பின்னேரம், மணல் ஆறின பிறகு. வாசலில கழட்டிச் சொக்ஸ் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போகலாம்.”

“ஓம், மிஸ்.”

அவள் அவருடைய காலையே பார்த்தாள். “உந்த ஓம் எந்த ஓம்?” என்றாள்.

பொங்கலன்று உச்சிவெயிலில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அவர் வெறுங்காலோடு, நான் அவரது செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு. கோயில் வீதியில் ஆயிரமாயிரம் கால். மேளம், ஐஸ்பழ வண்டி மணி, கற்பூரப் புகை. அதற்கு நடுவே, எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல்:

“இடது பெருவிரல்!”

ஒரு சேலையில், தகடு இல்லாமல் நின்றாள். தோளில் ஒரு பை நிறையச் சொக்ஸ். அந்தக் கால் வெள்ளத்தில் அவரது காலைக் கண்டுபிடித்திருக்கிறாள். வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“மணலில கை வைச்சுப் பாத்தனீங்களோ? நான் வைச்சனான். என்ர கை தாங்கேல்லை. இதைப் போடுங்கோ.”

“உப்புத்தண்ணியில விளக்கெரியிற எடங்க இது” என்றார் அப்பா. “இங்க எனக்கு என்னா வந்துரும்?”

“விளக்கு எரியும். காலும் எரியும். உங்களுக்குத்தான் தெரியாது. போடுங்கோ.”

சனம் திரும்பிப் பார்த்தது. அப்பா சொக்ஸைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த தன் முழங்கையைப் பார்த்தார்.

“இல்லைங்க” என்றார்.

“என்ன?”

“இல்லைங்க. நான் போகணும்.”

அதிகாரம் உள்ள எவருக்கும் என் அப்பா இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளது விரல்களை நானே பிரித்தேன். “விடுங்கோ மிஸ். மனிசரைக் கொஞ்சம் மனிசரா நடக்க விடுங்கோ” என்றேன். சத்தமாகச் சொன்னேன். எட்டு மாதமாக வாய்க்குள் கிடந்தது.

நடந்தோம். மணல் கொதித்தது. இளந்தாரிகள்கூடத் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நான் செருப்போடே நொந்தேன். அப்பா மட்டும் புல்லில் நடப்பவர்போல நிதானமாக, கைகூப்பியபடி நடந்தார். ஒரு அம்மா என்னிடம் சொன்னா: “பாருங்கோ பிள்ளை, ஐயான்ர காலுக்கு அம்மாள் குளிர்மை குடுத்திருக்கிறா.” நானும் நம்பினேன். கண்ணில் தண்ணீர் வர நம்பினேன். பத்தில் ஒன்பது இடம் செத்த காலை முன்னால் விட்டுக்கொண்டு, அதை அருள் என்று கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இடது பாதத்தின் முன்பக்கம் ஒரே கொப்புளம். இருபத்தைந்துசத நாணயங்களை அடுக்கினதுபோல.

அப்போதே போயிருக்கவேண்டும். போகவில்லை. கட்டத் தெரியும் எனக்கு. எட்டு மாதம் அவள் கையையே பார்த்தவள் அல்லவா? சேலைன், கோஸ், கை கழுவுவது, எல்லாம். தெரியாதது ஒன்றுதான், அவள் முன்னால் போய் நிற்பது. அவள் என்ன சொல்வாள் என்று நினைத்து நினைத்து, அதற்கு என்ன பதில் சொல்வதென்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, பதினொரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் அறையில் மணம். நான் குனிந்து மணந்தேன், அவளைப்போலவே. நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெருவிரலும் அடுத்த விரலும் போயின.

கட்டு மாற்ற மறுபடி அவளிடம்தான் வரவேண்டியிருந்தது. அதே வாங்கு. எங்கள் முறை வந்தது. “இடது” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். சொல்ல விரல் இல்லை. கொப்பியைப் பார்த்துவிட்டு, “இடது முன்பாதம், வாங்கோ” என்றாள். பெயர் மாற்றிவிட்டாள். அவ்வளவு சுலபமாக.

கட்டை அவிழ்த்தபடி கேட்டாள்: “கொப்புளம் வந்து எத்தினையாம் நாள் காட்டினது?”

“ரெண்டாம் நாள், மிஸ்” என்றேன் நான்.

“பன்னெண்டாம் நாளுங்க” என்றார் அப்பா.

அவள் நிமிரவில்லை. “ம்.” பொங்கலைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவள் ஓய்வு பெற்றாள். புதிதாக வந்த பிள்ளை நல்ல பிள்ளை. எல்லாரையும் பெயர் சொல்லி, ஐயா, அம்மா என்று கூப்பிடும். முகம் பார்த்துச் சிரிக்கும். அப்பா அந்தப் பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். “ஐயான்ர வலது கால் நல்லாயிருக்கு, அக்கா” என்று அது கொப்பியில் எழுதியது. அந்த எழுத்தை நான் நம்பவில்லை. வீட்டில் நானே ஒரு பேனையில் தங்கூசி செருகினேன். ஞாயிறு காலை அப்பாவை முற்றத்துக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொன்னேன்.

“தெரியுதோ, அப்பா?”

“ஓம் தாயி.”

“இப்ப?”

“நல்லாத் தெரியுது தாயி.”

என் கை என் மடியில் இருந்தது.

வாசிப்பவர்கள் விரும்பினால் இதை என் தோல்வி என்று எழுதிக்கொள்ளலாம். அன்று பின்னேரமே அவளுடைய வீட்டுப் படலைக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். முள்ளியவளைப் பக்கம், ஒற்றை அறை, ஒரு சைக்கிள், ஒரு கொடியில் காயும் வெள்ளைச் சேலை. அவள் வந்து படலைக்கு மேலால் என் காலைப் பார்த்தாள்.

“உனக்கும் காய்ப்பு வருது.”

“அப்பாவின்ர வலது காலைப் பாக்கவேணும், மிஸ்.”

“புதுப் பிள்ளை இருக்குத்தானே.”

“அதுக்கு ஓம் எண்டுறார்.”

“நீ பாக்கிறதுதானே.”

“எனக்கும் ஓம் எண்டுறார்.”

அவள் படலைக் கொக்கியைக் கழற்றினாள். பிறகு கேட்டாள்: “என்னில இன்னும் கோவமாத்தான் இருக்கிறாரோ?”

மழுப்பியிருக்கலாம். “ஓம்” என்றேன்.

“அப்ப சரி. நட, வாறன்.”

சைக்கிளில் வந்தாள். அப்பா அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டினார். அது அவளுக்குப் போதும். நான் குசினிக்குள் போனேன். தேத்தண்ணி வைக்க என்று சொல்லிக்கொண்டு போனேன். மரச்சட்டத் தடுப்புக்கு அந்தப்பக்கம் எல்லாம் கேட்டது.

“கண்ணை மூடுங்கோ. தெரியுதோ?”

“நீங்க இன்னும் தொடலைங்க.”

“எப்பிடித் தெரியும்?”

“பேனையப் பையில இருந்து எடுக்கிற சத்தம் வரலைங்களே.”

அவள் சிரிக்கவில்லை. நான் கதவிடுக்கால் பார்த்தேன், சிரிக்கவில்லை. பேனையை எடுத்தாள்.

அந்த வலது கால் இன்றைக்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணாடி பார்த்து, ஊக்கில்லாத செருப்புப் போட்டு, மணல் ஆறின பிறகு மட்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டு அது இருக்கிறது. அவள் பிறகு வவுனியாவில் தங்கையோடு போய் இருந்துவிட்டாள். எனக்கு அவளை இன்னும் பிடிக்காது.

“தெரியுதோ?”

“இல்லைங்க.”

“இப்ப?”

“இல்லைங்க.”

அன்று குசினியில் கேத்தல் கொதித்து மூடி தட்டியது. நான் அதை இறக்கவில்லை. விரலடியில், இல்லைங்க. ஓரத்தில், இல்லைங்க. குதியில், சற்று யோசித்து, இல்லைங்க. ஒவ்வொன்றையும் அவர் பிசகாமல், பயமில்லாமல், பிடிக்காத ஒருத்திக்கு மட்டும் சொல்லக்கூடிய சுத்தத்தோடு சொன்னார். அடுப்படியில் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்னை யாரும் தொடவில்லை. பத்து இடத்திலும் எனக்குத் தெரிந்தது.